வலிக்காத கட்டியை விடாமல் கவனித்த டாக்டர்... நிணநீர்ப் புற்றுநோய்க்குப் பெயர் தந்த தாமஸ் ஹாட்ஜ்கின் யார்?

காலில் முள் குத்தி சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால் தாடைக்குக் கீழே கோலிக்குண்டு மாதிரி புடைக்கும். தொட்டால் வலிக்கும். புண் ஆறியதும், காய்ச்சல் விட்டதும் வந்த சுவடு தெரியாமல் போய்விடும். நம்ம வீடுகளில் இதைப் பார்க்காதவர்கள் இருக்கவே முடியாது.

ஆனால் சிலருக்கு எந்தப் புண்ணும் இல்லாமல், எந்தத் தொற்றும் இல்லாமல் கழுத்தில் ஒரு கட்டி வரும். அது வலிக்காது. வலிக்காததாலேயே யாரும் அதைப் பெரிசா எடுத்துக்க மாட்டாங்க. வாரங்கள் போகும். கட்டி மட்டும் போகாது.

இந்த இரண்டும் ஒன்றல்ல என்று கிட்டத்தட்ட 200 வருஷங்களுக்கு முன்பு எழுதி வைத்தவர் லண்டன் டாக்டர் தாமஸ் ஹாட்ஜ்கின். அவர் எழுதியபோது அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. 33 வருஷங்கள் கழித்துத்தான் அந்த நோய்க்கு அவருடைய பெயர் வைக்கப்பட்டது. அதற்கு அடுத்த வருஷமே அவர் இறந்துவிட்டார். இன்று உலகம் முழுக்க புற்றுநோய் வார்டுகளில் அந்தப் பெயர் தினமும் ஒலிக்கிறது: ஹாட்ஜ்கின் லிம்போமா.

யார் இவர்? அவர் பார்த்தது என்ன? அது இன்று நமக்கு ஏன் முக்கியம்? வாங்க, விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், நிணநீர் என்றால் என்ன?

நம் உடம்பில் ரத்தக் குழாய்கள் போலவே இன்னொரு குழாய் வலையும் இருக்கிறது. ரத்தத்தில் இருந்து கசிந்து திசுக்களுக்குள் தேங்கும் நீரை உறிஞ்சி, மறுபடியும் ரத்தத்தில் கொண்டு சேர்ப்பது அதன் வேலை. அந்த நீர்தான் நிணநீர்.

இந்தக் குழாய்களின் வழியில் ஆங்காங்கே அவரை விதை அளவில் சிறு முடிச்சுகள் இருக்கின்றன. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, நெஞ்சு, வயிறு என உடம்பு முழுக்க நூற்றுக்கணக்கான முடிச்சுகள். இவற்றை செக்போஸ்ட் என்று வைத்துக்கொள்ளலாம். கிருமிகளை மடக்கி, எதிர்த்துப் போராடும் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் இங்கேதான் கூட்டமாக இருக்கும். கிருமி வந்தால் இந்த அணுக்கள் பெருகும், முடிச்சு வீங்கும். அதைத்தான் நெறி கட்டுவது என்கிறோம். மண்ணீரலும் இதே அமைப்பைச் சேர்ந்ததுதான்.

கிருமி போனதும் பெருக்கம் நின்றுவிட வேண்டும். அதுதான் இயல்பு. ஒரு லிம்போசைட் கட்டுப்பாட்டை இழந்து, காரணமே இல்லாமல் பெருகிக்கொண்டே போனால் அது லிம்போமா. அதாவது நிணநீர்ப் புற்றுநோய். இந்த விஷயம் எதுவும் தெரியாத காலத்தில்தான் ஹாட்ஜ்கின் பிறந்தார்.

லண்டன் குவேக்கர் வீட்டுப் பையன்

1798 ஆகஸ்ட் 17-ம் தேதி லண்டனின் பென்டன்வில் பகுதியில் தாமஸ் பிறந்தார். அப்பா ஜான் ஹாட்ஜ்கின், வீடுகளுக்குச் சென்று பாடம் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர். தாமஸும் தம்பியும் வீட்டிலேயே படித்தார்கள்.

குடும்பம் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. எளிமையான உடை, ஆடம்பரம் கூடாது, போர் கூடாது, மனிதனை மனிதன் அடிமையாக வைத்திருக்கக் கூடாது என்பவை அவர்களின் கொள்கைகள். அன்றைய இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் பட்டம் வாங்க அரசுத் திருச்சபையை ஏற்க வேண்டும். அதனால் குவேக்கர் பிள்ளைகளுக்கு அந்த வாசல் கிட்டத்தட்ட மூடியே இருந்தது.

அதனால் தாமஸ் வேறு வழியில் போனார். முதலில் மருந்து தயாரிக்கும் தொழிலைக் கற்றார். அடிமை வணிகத்துக்கு எதிராகப் போராடிய வில்லியம் ஆலன் என்ற குவேக்கர் மருந்தாளுநரிடம் கொஞ்ச காலம் உதவியாளராக இருந்தார். மருத்துவம், எளிய மக்களுக்காகக் குரல் கொடுப்பது என்ற இரண்டு பாதைகளும் அவருடைய வாழ்க்கையில் அப்போதே சேர்ந்துவிட்டன. கடைசி வரை பிரியவில்லை. பின்னால் அவருடைய வேலையைப் பறித்ததிலும் அதற்குப் பங்கு இருந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

பாரிஸில் இருந்து வந்த மரக்குழாய்

1819-ல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் மாணவராகச் சேர்ந்தார். பிறகு ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். படிக்கும்போதே மண்ணீரலின் வேலை என்ன என்பது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1823-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அதற்காக எழுதிய ஆய்வேட்டின் தலைப்பு, உடம்பு எப்படி நீர்மங்களை உறிஞ்சுகிறது என்பது. மண்ணீரலும் நிணநீரும் அவரை மாணவப் பருவத்திலேயே பிடித்துக்கொண்டன.

இடையில் பாரிஸுக்கும் போனார். அங்கே ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த லாயெனெக்கிடமே அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டார். அன்றைய ஸ்டெதஸ்கோப் இப்போது இருப்பது மாதிரி ரப்பர் குழாய் கிடையாது. வெறும் மரக்குழாய். அதைக் கொண்டுவந்து கைஸ் மருத்துவமனையில் காட்டினார். ஆனால் தொடக்கத்தில் அங்கே இருந்தவர்கள் அதை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

நோயாளியைவிட உடலை அதிகம் பார்த்த டாக்டர்

1820-களின் நடுவில் கைஸ் மருத்துவமனை அவருக்கு ஒரு வேலை கொடுத்தது. இறந்தவர்களின் உடலைத் திறந்து, நோய் எங்கே என்ன செய்தது என்று ஆராய வேண்டும். அதை மாணவர்களுக்குக் கற்றுத் தர வேண்டும். பாதிக்கப்பட்ட உறுப்புகளைப் பதப்படுத்தி அருங்காட்சியகத்தில் வைத்துப் பட்டியல் போட வேண்டும்.

வார்டில் நோயாளி பார்க்கும் பெரிய டாக்டர்களோடு ஒப்பிட்டால் இது மதிப்பு குறைந்த வேலை. பிணவறை நாற்றம், நோய்த்தொற்று பயம், பகலெல்லாம் குளிர்ந்த அறை. ஆனால் ஹாட்ஜ்கின் அதைப் பிடித்துச் செய்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதினார். இந்தப் பொறுமைக்கு நூறு வருஷம் கழித்து ஒரு பலன் கிடைத்தது. அந்தக் கதை கடைசியில்.

இதே காலத்தில் ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் என்ற நண்பரோடு சேர்ந்து இன்னொரு வேலையும் செய்தார். லிஸ்டர் தொழிலால் ஒயின் வியாபாரி, ஆர்வத்தால் மைக்ராஸ்கோப் வல்லுநர். அவர் மேம்படுத்திய மைக்ராஸ்கோப்பில் இருவரும் ரத்தத்தைப் பார்த்தார்கள். சிவப்பணு உருண்டை அல்ல, இரண்டு பக்கமும் குழிந்த தட்டு என்று 1827-ல் எழுதினார்கள். இன்று பள்ளிப் பாடப் புத்தகத்தில் இருக்கும் அதே வடிவம்தான். இந்த லிஸ்டரின் மகன்தான் பின்னாளில் கிருமிநீக்கி அறுவை சிகிச்சையைக் கொண்டுவந்த ஜோசப் லிஸ்டர்.

ஏழு பேர், ஒரே மாதிரி கட்டிகள்

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருவோம்.

பிணவறையில் வேலை பார்க்கும்போது சில உடல்கள் ஹாட்ஜ்கினை நிறுத்தி யோசிக்க வைத்தன. முதலில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன். பிறகு வேறு சிலர். வெளியே கழுத்தில் கட்டிகள். உள்ளே திறந்து பார்த்தால் நெஞ்சிலும் வயிற்றிலும் பெரிய ரத்தக் குழாய்களை ஒட்டி அதே கட்டிகள் வரிசையாக இருந்தன. பலருக்கு மண்ணீரலும் பாதிக்கப்பட்டிருந்தது.

அந்தக் காலத்தில் கழுத்தில் நெறி கட்டினால் டாக்டர்கள் சொல்லும் காரணங்கள் சிலதான். ஒன்று, பக்கத்தில் எங்கோ புண் அல்லது அழற்சி. இன்னொன்று, காசநோய். அப்போது லண்டனில் காசநோய் இல்லாத தெருவே இல்லை. அதனால் எந்தக் கட்டியையும் காசநோய்க் கணக்கில் எழுதிவிடுவது சுலபமாக இருந்தது.

ஹாட்ஜ்கின் அப்படி எழுதவில்லை. சீழ் இல்லை. அழற்சியின் அடையாளம் இல்லை. காசநோய்க் கட்டி உள்ளே தயிர்க்கட்டி மாதிரி குழைந்திருக்கும், இவை அப்படி இல்லை. அப்படியானால் வேறு எங்கோ இருக்கும் நோய்க்கு எதிர்வினையாக இந்த முடிச்சுகள் வீங்கவில்லை. நோயே இந்த முடிச்சுகளில்தான் தொடங்குகிறது. இதுதான் அவருடைய முடிவு.

ஏழு பேரின் விவரங்களைச் சேர்த்துக் கட்டுரை எழுதினார். அதில் ஒருவரின் உடலை அவர் நேரில் பார்க்கவில்லை. ராபர்ட் கார்ஸ்வெல் என்ற நண்பர் வரைந்த வண்ண ஓவியங்களைப் பார்த்து, இதுவும் அதே நோய்தான் என்று சேர்த்துக்கொண்டார். 1832 ஜனவரியில் லண்டன் மருத்துவ-அறுவை சிகிச்சை சங்கத்தில் கட்டுரை வாசிக்கப்பட்டது. வாசித்தவர் ஹாட்ஜ்கின் இல்லை, சங்கத்தின் செயலாளர். காரணம், ஹாட்ஜ்கின் அந்தச் சங்கத்தில் உறுப்பினர்கூட இல்லை.

இன்னொரு விஷயத்தையும் அவர் மறைக்கவில்லை. இத்தாலியின் மால்பிகி 1666-லேயே இப்படி ஒரு நோயைக் குறிப்பிட்டிருக்கிறார் என்று கட்டுரையிலேயே சொன்னார். முதலில் பார்த்தது நான்தான் என்று மார்தட்டிக்கொள்ளவில்லை.

ஏன் யாரும் கண்டுகொள்ளவில்லை?

கட்டுரை அச்சில் வந்தது. அதோடு சரி.

அதற்குக் காரணம் இருக்கிறது. அந்த நோய்க்கு ஹாட்ஜ்கினிடம் மருந்து எதுவும் இல்லை. புதிதாக ஒரு பெயரும் வைக்கவில்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்த ஆதாரமும் கட்டுரையில் இல்லை, வெறும் கண்ணால் பார்த்ததுதான். உடம்பு செல்களால் ஆனது என்ற கொள்கையே அப்போது உருவாகவில்லை. புற்றுநோய் என்ற சொல்லுக்கே இன்றைய அர்த்தம் வரவில்லை. அப்படி ஒரு சூழலில் ஏழு பேரின் கட்டிகள் யாருக்கும் பெரிய செய்தியாகத் தெரியவில்லை.

கனடா பழங்குடிகளுக்காகப் பேசினார்... வேலை போனது

1837-ல் கைஸ் மருத்துவமனையில் உதவி மருத்துவர் பதவி காலியானது. வார்டில் நோயாளிகளைப் பார்க்கும் பதவி. பத்து வருஷத்துக்கும் மேல் அங்கே உழைத்த ஹாட்ஜ்கினுக்குத்தான் அது கிடைக்க வேண்டும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள்.

கிடைக்கவில்லை.

மருத்துவமனையில் எல்லா அதிகாரமும் பொருளாளர் பெஞ்சமின் ஹாரிசன் கையில் இருந்தது. அதே ஹாரிசன் ஹட்சன்ஸ் பே கம்பெனியின் நிர்வாகக் குழுவிலும் இருந்தார். கனடாவில் பழங்குடி மக்களிடம் விலங்குத் தோல் வாங்கி விற்று லாபம் பார்த்த பெரிய பிரிட்டிஷ் கம்பெனி அது. அந்தக் கம்பெனியின் வியாபாரத்தால் பழங்குடி மக்கள் அழிகிறார்கள் என்று ஹாட்ஜ்கின் குற்றம்சாட்டி வந்தார். நேராக ஹாரிசனுக்கே எழுதினார். தன்னுடைய பதவி உயர்வு யார் கையில் இருக்கிறதோ, அவருடைய கம்பெனியைப் பற்றியே குற்றம் சொன்னார்.

அவருக்குப் பதவி மறுக்கப்பட்டதற்கு இதுவும் முக்கியக் காரணம் என்று அவருடைய வரலாற்றை ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். பதவி பெஞ்சமின் பாபிங்டன் என்ற டாக்டருக்குப் போனது. ஹாட்ஜ்கின் ராஜினாமா செய்தார். தான் உருவாக்கிய அருங்காட்சியகத்தையும், அதில் தான் அடுக்கி வைத்த கண்ணாடிக் குடுவைகளையும் விட்டுவிட்டு வெளியேறினார். அப்போது அவருக்கு வயது 39-ஐ ஒட்டி.

அதே 1837-ல் பழங்குடிகள் பாதுகாப்புச் சங்கம் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் நிலத்தையும் உயிரையும் இழக்கும் மக்களுக்காக வாழ்நாள் முழுக்க மனுக்கள் எழுதினார், கூட்டங்கள் நடத்தினார். அவர் எடுத்த எல்லா நிலைப்பாடும் சரி என்று சொல்ல முடியாது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களை அமெரிக்காவில் இருந்து ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்கு அனுப்பும் திட்டத்தை ஆதரித்தார். அடிமை ஒழிப்புக்காகப் போராடிய பலரே அதைக் கடுமையாக எதிர்த்தார்கள்.

மருத்துவமனையை விட்ட பிறகு டாக்டராகப் பெரிய வருமானமும் இல்லை. நோயாளிகளிடம் கறாராக ஃபீஸ் கேட்கத் தெரியாதவர். ஏழைகளுக்கான மருத்துவம், சுகாதாரம் பற்றிய சொற்பொழிவுகள் என்று நாட்கள் போயின.

கைகூடாத காதல்

சொந்த வாழ்க்கையிலும் ஒரு பெரிய ஏமாற்றம். தன்னுடைய உறவுப் பெண் சாரா காட்லீயை ஹாட்ஜ்கின் விரும்பினார். நம்ம ஊரில் மாமன் மகள், அத்தை மகள் கல்யாணம் சகஜம். ஆனால் அவ்வளவு நெருங்கிய உறவில் திருமணம் செய்யக் கூடாது என்பது குவேக்கர் விதி. சாரா வேறொருவரை மணந்தார். பிறகு கணவரை இழந்தார். அப்போது ஹாட்ஜ்கின் விதியைத் தளர்த்தும்படி மறுபடியும் கேட்டுப் பார்த்தார். சமயத்தார் அசைந்து கொடுக்கவில்லை. மருத்துவமனையை எதிர்த்து நின்றவர் இந்த விஷயத்தில் தன் சமயத்தை மீறவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு வேறொரு பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார்.

நோய்க்குப் பெயர் வந்தது எப்படி?

1856-ல் சாமுவேல் வில்க்ஸ் என்ற டாக்டர் கிட்டத்தட்ட இதே நோயைப் பற்றி எழுதினார். அவரும் கைஸ் மருத்துவமனைக்காரர்தான். தான் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்ததாகவே முதலில் நினைத்தார். பிறகுதான், தன் மருத்துவமனையிலேயே பல வருஷங்களுக்கு முன்பு ஹாட்ஜ்கின் இதை எழுதியிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியவந்தது.

வில்க்ஸ் நினைத்திருந்தால் சும்மா இருந்திருக்கலாம். மறந்துபோன ஒரு கட்டுரையை யார் தேடப் போகிறார்கள்? ஆனால் 1865-ல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே அதை ஹாட்ஜ்கினின் நோய் என்று குறிப்பிட்டார். பெருமையை உரியவருக்கே கொடுத்தார். அந்தப் பெயர்தான் நிலைத்தது.

ஜாஃபாவில் முடிந்த பயணம்

அந்த நேரத்தில் ஹாட்ஜ்கினின் வாழ்க்கை வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. பெரும் செல்வந்தரும் யூத மக்களின் தலைவர்களில் ஒருவருமான சர் மோசஸ் மாண்டிஃபியோரி அவருடைய நெருங்கிய நண்பர். உலகில் எங்கே யூதர்கள் துன்புறுத்தப்பட்டாலும் அங்கே போய்ப் பேசுவது மாண்டிஃபியோரியின் வழக்கம். அந்தப் பயணங்களில் அவருடைய டாக்டராக ஹாட்ஜ்கினும் போனார். ஒருவர் யூதர், இன்னொருவர் குவேக்கர். மதம் அவர்கள் நட்புக்குத் தடையாக இருக்கவில்லை.

1866-ல் இருவரும் பாலஸ்தீனத்துக்குப் புறப்பட்டார்கள். ஜாஃபா துறைமுக நகரில் ஹாட்ஜ்கினுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு. அதில் இருந்து அவர் மீளவில்லை. ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் அங்கேயே இறந்தார். வயது 67. ஜாஃபாவிலேயே அடக்கம் செய்யப்பட்டார். மாண்டிஃபியோரி தன் நண்பருக்கு அங்கே ஒரு நினைவுத்தூண் எழுப்பினார்.

காசநோயா, புற்றுநோயா? தொடர்ந்த குழப்பம்

பெயர் வந்துவிட்டது. ஆனால் இது என்ன நோய் என்பதில் குழப்பம் தீரவில்லை.

1898-ல் வியன்னாவைச் சேர்ந்த கார்ல் ஸ்டெர்ன்பெர்க் மைக்ராஸ்கோப்பில் இந்தக் கட்டிகளைப் பார்த்தார். அவற்றில் விசித்திரமான பெரிய செல்கள் இருந்தன. ஆனால் இது ஒருவகைக் காசநோய் என்றுதான் அவரும் நினைத்தார். 1902-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்த டோரதி ரீட் என்ற இளம் டாக்டர் அதை மறுத்தார். இரண்டு உட்கருக்கள், பார்ப்பதற்கு ஆந்தையின் கண்கள் மாதிரி இருக்கும் அந்த செல்லைத் துல்லியமாக வரைந்து விளக்கினார். இது காசநோய் அல்ல, தனி நோய் என்று எழுதினார். ஹாட்ஜ்கின் 70 வருஷத்துக்கு முன்பு வெறும் கண்ணால் பார்த்துச் சொன்னது இப்போது மைக்ராஸ்கோப்பிலும் உறுதியானது. அந்த செல்லை இன்றும் ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல் என்றுதான் சொல்கிறார்கள்.

இப்போது அந்தக் கண்ணாடிக் குடுவைகளுக்கு வருவோம். ஹாட்ஜ்கின் விட்டுச்சென்ற மாதிரிகள் கைஸ் அருங்காட்சியகத்தில் அப்படியே இருந்தன. 1926-ல் ஹெர்பர்ட் ஃபாக்ஸ் என்ற நோய்க்குறியியல் வல்லுநர், அந்த ஏழு பேரில் மூவரின் திசுக்களை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆகியும் செல்கள் தெரிந்தன. இரண்டு பேருக்கு இருந்தது இதே நோய்தான். மூன்றாமவருக்கு இருந்தது வேறொரு வகை நிணநீர்ப் புற்றுநோய். மைக்ராஸ்கோப் இல்லாமலேயே மூன்றையும் நிணநீர் முடிச்சின் நோய் என்று சரியாகப் பிரித்திருக்கிறார் ஹாட்ஜ்கின்.

அந்த விசித்திர செல் எங்கிருந்து வருகிறது என்பது உறுதியாக 1990-கள் ஆனது. அது பி செல் என்ற லிம்போசைட்டில் இருந்து உருவாகிறது என்று மரபணு ஆய்வுகள் காட்டின. அதன் பிறகுதான் ஹாட்ஜ்கின் நோய் என்ற பெயர் ஹாட்ஜ்கின் லிம்போமா என்று மாறியது. இந்தப் பெரிய செல் இல்லாத மற்ற லிம்போமாக்களை ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமா என்கிறார்கள். அதில் பல பத்து வகைகள் உண்டு. எண்ணிக்கையில் அதிகம் வருவதும் அதுதான்.

தீராத நோய் தீர்ந்தது எப்படி?

ஹாட்ஜ்கின் காலத்தில் இந்த நோய் வந்தால் மரணம்தான். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எக்ஸ்ரே கதிர் பட்டால் கட்டி சுருங்குவதைக் கண்டார்கள். ஆனால் மறுபடியும் வந்துவிடும். 1950-ல் கனடாவின் டொரண்டோவைச் சேர்ந்த டாக்டர் வேரா பீட்டர்ஸ், ஆரம்ப நிலையில் சரியான அளவில் கதிர்வீச்சு கொடுத்தவர்கள் பல வருஷங்கள் நோயில்லாமல் வாழ்வதைக் காட்டினார்.

இன்னொரு பக்கம் மருந்துகள். 1942-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், போருக்கான விஷவாயு ஆராய்ச்சியில் இருந்து வந்த நைட்ரஜன் மஸ்டர்டு என்ற மருந்தை ஒரு லிம்போமா நோயாளிக்குக் கொடுத்தார்கள். கட்டிகள் கரைந்தன. சில வாரங்களில் திரும்பி வந்தன. ஆனாலும் கீமோதெரபியின் கதை அங்கேதான் தொடங்கியது. 1960-களில் நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது, முற்றிய நிலையில் இருந்தவர்களே பிழைத்தார்கள். 1970-களில் இத்தாலியின் மிலான் நகரில் ஜானி பொனடோனா உருவாக்கிய ஏபிவிடி என்ற நான்கு மருந்துக் கூட்டு, இன்றும் பல மருத்துவமனைகளில் பயன்படுகிறது.

இன்று நல்ல சிகிச்சை கிடைத்தால் ஹாட்ஜ்கின் லிம்போமா, குணமாகும் வாய்ப்பு மிக அதிகமுள்ள புற்றுநோய்களில் ஒன்று. ஆரம்ப நிலையில் கண்டுபிடித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்து வருஷத்தைத் தாண்டி வாழ்கிறார்கள். சிகிச்சைக்குப் பக்கவிளைவுகளும் உண்டு. இதயம், நுரையீரல், குழந்தைப்பேறு ஆகியவற்றைப் பாதிக்கலாம். அதனால் இளம் வயதினர் கீமோ தொடங்கும் முன்பே கருமுட்டை அல்லது விந்தணுவைச் சேமிப்பது பற்றி டாக்டரிடம் கேட்பது நல்லது.

நாம் கவனிக்க வேண்டியது என்ன?

ஹாட்ஜ்கின் லிம்போமா 20 முதல் 40 வயதுக்குள் இருப்பவர்களுக்கும் வரும், 55-ஐத் தாண்டியவர்களுக்கும் வரும். இது ஒட்டுவாரொட்டி அல்ல. தொடுவதாலோ சேர்ந்து சாப்பிடுவதாலோ பரவாது.

இவற்றைக் கவனியுங்கள்:

• கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வலிக்காத கட்டி. ரப்பர் பந்து மாதிரி அமுங்கும். மூன்று, நான்கு வாரம் ஆகியும் குறையாமல் இருக்கும், அல்லது பெரிதாகிக்கொண்டே போகும்.

• காரணம் தெரியாத காய்ச்சல் விட்டுவிட்டு வருவது.

• இரவில் உடையும் படுக்கையும் நனையும் அளவுக்கு வியர்ப்பது.

• முயற்சி செய்யாமலேயே ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவது.

• தோலில் ஒன்றும் இல்லாமல் உடம்பு முழுக்க அரிப்பு, விடாத இருமல், மூச்சுத்திணறல்.

இவை இருந்தால் கேன்சர்தான் என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலான நெறிக்கட்டிகள் சாதாரணத் தொற்றுதான். ஆனால் காரணம் தெரியும் வரை விடக் கூடாது.

இங்கேதான் ஹாட்ஜ்கின் காலத்துக் குழப்பம் நம்ம ஊரிலும் தொடர்கிறது. இந்தியாவில் கழுத்துக்கட்டிக்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். அதற்கும் காய்ச்சல், வியர்வை, எடை குறைவு உண்டு. அதனால் டாக்டர்களுக்கு முதலில் டிபி சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் பரிசோதனை செய்யாமல் ஊகத்திலேயே மாதக்கணக்கில் மருந்து சாப்பிடுவது ஆபத்து. டிபி மருந்து எடுத்தும் கட்டி குறையவில்லை என்றால் தயங்காமல் மறுபடி கேளுங்கள்.

ஊசியால் உறிஞ்சி எடுக்கும் பரிசோதனை மட்டும் லிம்போமாவுக்குப் பல நேரம் போதாது. முடிச்சையே முழுதாக எடுத்துப் பார்க்கும் பயாப்சிதான் உறுதியான பதில் தரும். பயாப்சி செய்தால் கேன்சர் பரவிவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அது தவறு. அதேபோல பயாப்சிக்கு முன்பு டாக்டர் சொல்லாமல் ஸ்டீராய்டு மாத்திரை எடுக்காதீர்கள். கட்டி தற்காலிகமாகச் சுருங்கி, நோயையே மறைத்துவிடலாம். நோய் உறுதியானால், அது எத்தனை இடங்களில் இருக்கிறது என்று பெட் சிடி ஸ்கேன் மூலம் பார்த்து சிகிச்சையை முடிவு செய்வார்கள்.

ஹாட்ஜ்கினிடம் மருந்தும் இல்லை, ஸ்கேனும் இல்லை. எல்லாரும் ஒரே கணக்கில் எழுதிய கட்டியை அவர் மட்டும் இன்னொரு முறை பார்த்தார். அந்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அதனால் எந்தப் பலனும் கிடைக்கவில்லை. இன்று அதே கட்டியோடு வரும் ஒரு சிறுவன் பெரும்பாலும் குணமாகி வீட்டுக்குப் போவான். அதற்கு அந்தக் கட்டியை யாராவது சீக்கிரம் கவனிக்க வேண்டும். அவ்வளவுதான். உங்கள் வீட்டில் யாருக்காவது வாரக்கணக்கில் போகாத, வலிக்காத கட்டி இருந்தால், இந்த வாரமே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.